செர்ரிப் பழம் கொடுத்துச் செய்த வரைபடம்!

"இடது பக்கம் திரும்பவும்!"

செல்போனில் இருந்து இனிமையான குரல் ஒன்று சொன்னது. டிரைவரும் திரும்பினார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்... கார் சடாரென்று நின்றது. எதிரே வாய்க்கால்! ஒரு பக்கம் வயல். மறு பக்கம் தென்னந்தோப்பு. கரையில் நின்றிருந்த எருமை ஒன்று, 'நீங்களுமா?' என்பது போல எங்களைத் திரும்பிப் பார்த்தது.

தென்காசியில் இருந்து, அச்சன்புதூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனபோது நடந்த கூத்து இது, குட்டீஸ்!

அப்போது சைக்கிளில் ஒரு பையன் வந்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறானாம். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று சிரித்தான்.

"மேப்பு பாத்து வந்தீங்களா மாமா? அது எல்லாரையும் இங்கதான் கொண்டாந்து விடும். அப்படியே பின்னால எடுத்து, மெயின் ரோட்டுக்குப் போயிருங்க. போன வாரம் ஒரு லாரியே வந்து மாட்டிக்கிட்டு!"

"தப்புன்னு ஊருக்கே தெரியுது... யாராவது அதைச் சரி பண்ணக் கூடாதா?"

"அதை நாம எப்படி மாமா சரி பண்ண? அது அமெரிக்காவுலருந்துல்லா வருது!"

பையன் பெடலை மிதித்துப் போய்விட்டான். எனக்குத்தான் அந்தப் பதில் முள்ளாகத் தைத்தது. லாரி மாட்டினால் டிராக்டர் கட்டி இழுத்துவிடலாம். நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸ் வந்து அந்த வாய்க்கால் கரையில் நின்றால்?

உண்மையில் அந்த வரைபடம் எங்கிருந்துதான் வருகிறது? அச்சன்புதூர் பையன் ஒருவனால் அதைத் திருத்த முடியுமா, முடியாதா? வாருங்கள், பார்ப்போம்!

கோபுரம் ஏறிய கருவி!

ஒரு காலத்தில் வரைபடம் போடுவது அரசாங்கத்தின் வேலை. 1802-ஆம் ஆண்டு, சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பெரிய நில அளவை ஒன்றைத் தொடங்கினார். கோணங்களை அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவியின் எடை எவ்வளவு தெரியுமா? அரை டன்! உயரமான இடம் வேண்டும் என்று 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோவிலின் கோபுரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றினர். பாதி வழியில் அது சுவரில் மோதி நசுங்கிப் போனது. பாவம் லாம்டன்! வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, தன் கையாலேயே அதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்தார்.

இப்படி உயிரைக் கொடுத்துப் போட்ட படங்களில் மலை, ஆறு, ஊர் எல்லாம் இருக்கும். ஆனால், 'குழாய் பதிக்க நேற்று எங்கள் தெருவைத் தோண்டிவிட்டார்கள்' என்பது இருக்குமா? அதை அந்தத் தெருக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அப்படித் தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொல்ல உருவாவதுதான், மக்கள் செய்யும் வரைபடம். அதை வைத்து வழி காட்டும் செயலிகளும் வந்துவிட்டன. 'ஆப்' என்று சொல்கிறோமே, அதுதான் செயலி.

ஒற்றையடிப் பாதை போட்டது யார்?

வயல்வெளியில் ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் டெண்டர் விட்டுப் போடுவதில்லை. ஒருவர் நடக்கிறார், அவர் பின்னால் இன்னொருவர், அப்புறம் பத்துப் பேர்... புல் தேய்ந்து பாதை தானாகவே வந்துவிடுகிறது.

செயலிக்குள் நடப்பதும் இதுவே! சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், தான் இருக்கும் இடத்தை உங்கள் அப்பாவின் போன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். வண்டி போகப் போக, போன் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போகும். நூறு பேருடைய புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால், 'ஓ... இங்கே சாலை இருக்கிறது!' என்று செயலி புரிந்துகொள்ளும். புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் வண்டிகள் ஊர்கின்றன. அதாவது, டிராபிக் ஜாம்!

சரி, நூறு பேர் வந்தால்தானே புள்ளி விழும்? அந்த நூறு பேர் எப்படி வருவார்கள்?

இங்கேதான் சிக்கல். புதிதாகத் திறந்த கடையில் சாமான் இல்லை. அதனால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் கடைக்காரரால் சாமான் வாங்கிப் போட முடியவில்லை. படத்தில் தெரு இல்லாவிட்டால் யாரும் செயலியை வைத்துக்கொள்ள மாட்டார்கள். யாரும் வைத்துக்கொள்ளாவிட்டால் தெரு வராது. இந்த முடிச்சை அவிழ்க்க, உலகத்தில் சிலர் செய்த வேலைகள் படு சுவாரசியமானவை!

வாயில் சூப்பான், தலையில் கிரீடம்!

இஸ்ரேல் நாட்டில் எகூட் ஷப்தாய் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், 2006-ஆம் ஆண்டு மக்களே சேர்ந்து போடும் இலவச வரைபடம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 'வேஸ்' என்ற வழிகாட்டிச் செயலியானது.

வேஸ்காரர்களுக்கும் அதே கடைக்காரர் கஷ்டம்தான். என்ன செய்தார்கள் தெரியுமா? வரைபடத்தையே விளையாட்டாக்கிவிட்டார்கள்! யாரும் போகாத சாலைகளில், படத்தின் மேல் செர்ரிப் பழம், மிட்டாய் என்று வரைந்து வைத்தனர். அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் போனால், திரையில் அந்தப் பழத்தை 'லபக்'கென்று விழுங்கலாம். பாயின்ட் கிடைக்கும். படத்தில் இல்லாத புதுச் சாலையில் போனாலோ, திரையில் உங்கள் வண்டி ரோடு ரோலராக மாறி, தார் போட்டுக்கொண்டே போகும்!

புதிதாகச் சேர்ந்தவரின் சின்னம், வாயில் சூப்பான் வைத்த பாப்பா. நிறைய வண்டி ஓட்டினால் பாப்பா பெரிய ஆள் ஆகலாம். இன்னும் நிறையத் தகவல் சேர்த்தால் வாள், கேடயம், கடைசியில் கிரீடம்! தாடி வைத்த மாமாக்கள் எல்லாம் ஒரு செர்ரிப் பழத்துக்காக, வீட்டுக்குச் சுற்று வழியில் போனார்களாம். நினைத்தாலே சிரிப்பு வருகிறதா?

சிரிக்காதீர்கள், அந்த ஒவ்வொரு பழமும் ஒரு வேலைக்காரர். 'இந்தச் சாலையைப் பற்றி எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, யாராவது போய்ப் பாருங்களேன்' என்று சொல்வதற்குப் பதிலாக, ஒரு பழத்தை வைத்தார்கள். அவ்வளவுதான்! 2013-ஆம் ஆண்டு, கூகுள் நிறுவனம் வேஸை சுமார் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அதில் பழம் தின்றவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது? ஒன்றுமே இல்லை! எனக்கு இது கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. ஊர் கூடி இழுத்த தேரை ஒருவர் விற்றுவிட்ட மாதிரி!

தீவில் ஒரு கூட்டாஞ்சோறு

விற்கவே முடியாத தேர் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் ஓபன்ஸ்ட்ரீட்மேப். இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் 2004-இல் தொடங்கியது. அந்த நாட்டு அரசின் வரைபடத் தகவல்களை வாங்க நிறையப் பணம் வேண்டியிருந்தது. 'நம் தெருவை நாமே வரைந்தால் என்ன?' என்று யோசித்தார் அவர். யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இவர்கள் பழம் வைக்கவில்லை, விருந்து வைத்தார்கள்! 2006 மே மாதம், ஒயிட் தீவுக்கு ஒரு வார இறுதியில் வரச் சொல்லி ஆர்வலர்களை அழைத்தார் ஸ்டீவ். பல ஊர்களில் இருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு பக்கமாக ஜி.பி.எஸ். கருவியோடு சைக்கிளிலும் காரிலும் கிளம்பினர். பகலெல்லாம் சுற்றல், மாலையில் ஒன்றாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே படம் போடுதல். நம் ஊர் கூட்டாஞ்சோறு மாதிரிதான். அந்த வழக்கம் 'மேப்பிங் பார்ட்டி' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

இன்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கணக்குத் தொடங்கியிருக்கின்றனர். அதில் பலர் ஒரு கோடு கூடப் போட்டதில்லை என்பது வேறு விஷயம். சேர்ப்பது சுலபம், தொடர்ந்து செய்ய வைப்பதுதான் கஷ்டம்!

போன் செய்தே போட்ட படம்

விளையாட்டும் இல்லை, விருந்தும் இல்லை... ஆனாலும் மக்கள் ஓடி வந்த கதைகளும் உண்டு.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கிறதா? உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்! எந்தத் தெருவில் தண்ணீர், எந்தத் தெருவில் போகலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞரும் அவரது நண்பர்களும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் படத்தை இணையத்தில் வைத்து, 'உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால், படத்தில் அதைத் தொடுங்கள்' என்றனர். தொட்டால் அந்தத் தெரு நிறம் மாறும். சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான தெருக்களைத் தொட்டுவிட்டனர் மக்கள். பாயின்ட்டும் இல்லை, கிரீடமும் இல்லை. பக்கத்துத் தெரு அத்தையைக் காப்பாற்ற யாருக்காவது மிட்டாய் வேண்டுமா என்ன?

2012-இல் அமெரிக்காவைச் 'சாண்டி' புயல் தாக்கியபோது பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. நியூ ஜெர்சி மாநிலத்தில் உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள் சிலர், பெட்ரோல் பங்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டனர். "சார், பெட்ரோல் இருக்கிறதா? கரன்ட் இருக்கிறதா?" என்று கேட்டுக் கேட்டுப் படத்தில் குறித்தனர். அரசுத் துறையினரே அந்தப் படத்தைப் பார்த்தனர் என்றால் பாருங்களேன்!

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது கொல்கத்தாவில் நடந்தது. அங்கே ரிஷி அரவிந்தோ காலனி என்ற குடிசைப் பகுதி. இணைய வரைபடத்தில் அந்த இடமே வெறுமையாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழும் இடம், படத்தில் இல்லை! அங்கிருந்த குழந்தைகள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தனர். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, குடிநீர்க் குழாய் எங்கே என்று குறித்தனர். போலியோ சொட்டு மருந்து நாளில் மெகாபோன் பிடித்துத் தெருத் தெருவாக அறிவித்து, தாய்மார்களை அழைத்தனர். ஒரு படம் போட்டதால், அந்தக் காலனியில் சொட்டு மருந்து குடித்த குழந்தைகள் அதிகமாயினர்.

சிவப்பு வண்டியும் 99 செல்போன்களும்

எல்லாரும் சொல்வதை நம்புகிற செயலியை ஏமாற்றவும் முடியும். ஜெர்மனியின் பெர்லின் நகரில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், 99 பழைய செல்போன்களைச் சேகரித்தார். எல்லாவற்றிலும் கூகுள் மேப்ஸை ஓடவிட்டு, குழந்தைகள் இழுக்கும் சிறு சிவப்பு வண்டியில் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். செயலி என்ன நினைத்தது? '99 கார்கள் ஊர்ந்து போகின்றன... பயங்கர டிராபிக் ஜாம்!' பச்சையாக இருந்த தெரு, படத்தில் சிவப்பாகிவிட்டது. 2020-இல் இந்த வீடியோ வெளியானபோது உலகமே சிரித்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். குளத்துக்கு மேலே சாலை இருப்பதாக ஒருவர் விளையாட்டுக்கு வரைந்து, அதை நம்பி ஒரு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

திண்ணையில் ஒரு கூட்டம்

சரி, அச்சன்புதூருக்கு வருவோம். அக்கா வீட்டுத் திண்ணையில் இந்தக் கதைகளை எல்லாம் சொன்னேன். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேரும் வந்து உட்கார்ந்துகொண்டனர். 'நம்ம ஊர் மக்களை வரைபடத்தில் எப்படிச் சேர்ப்பது?' என்று பேச்சு போனது.

"பரிசு குடுப்போம் மாமா! ஒரு தெருப் பேரு சொன்னா ஒரு சாக்லேட்டு!" என்றான் ஐந்தாம் வகுப்பு.

"போடா... சாக்லேட்டு குடுத்தா இவனுங்க இல்லாத தெருவையும் சொல்லுவானுங்க. அப்புறம் இன்னொரு வாய்க்காலுக்குத்தான் வண்டி போவும்!" என்றாள் அக்கா மகள்.

அடேயப்பா! பெரிய கம்பெனிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை, முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாளே!

"அப்போ எப்படி வர வைப்பது?" என்றேன்.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. மதுரையில் இருந்து சித்தி. "அருவியில தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா?" அக்கா பதில் சொல்லி வைத்தாள். அரை மணி நேரத்தில் கோவில்பட்டியில் இருந்து இன்னொரு போன். அதே கேள்வி!

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் எல்லாருமே தகவல் நிலையம்தான். மெயினருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்களா? ஐந்தருவியில் கூட்டமா? பழைய குற்றாலத்துக்குப் போகலாமா? மேக்கரையில் அடவிநயினார் அணை நிரம்பியதா? யோசித்துப் பாருங்கள்... செயலி வருவதற்கு முன்பே, மக்கள் நடத்தும் வழிகாட்டி இங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, போன் வழியாக!

"மாமா, எல்லாரும் எதைக் கேக்காங்களோ, அதைத்தானே முதல்ல படத்துல போடணும்?" என்றாள் அக்கா மகள்.

அதுதான்! 'வாருங்கள், வரைபடம் செய்வோம்' என்று நோட்டீஸ் அடித்தால் யாரும் வரமாட்டார்கள். 'இன்று அருவிக்குப் போகிற ரோட்டில் எங்கே கூட்டம், எங்கே வண்டி நிறுத்தலாம்' என்று ஒருநாள் உதவினால், மறுநாள் அவர்களே ஒரு தகவல் கொண்டுவருவார்கள்.

அப்புறம் யோசனைகள் மளமளவென்று வந்தன. பெரிய காகிதத்தில் ஊர்ப் படத்தை அச்சடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. டீ குடிக்க வருகிற தாத்தாக்கள் தெருப் பெயரை எழுதுவார்கள்! இது ஒன்றும் கேலி யோசனை இல்லை. மைக்கேல் மிகர்ஸ்கி என்ற அமெரிக்கர், 2009-இலேயே 'வாக்கிங் பேப்பர்ஸ்' என்ற பெயரில் இதற்கு வழி செய்திருக்கிறார். படத்தை அச்சடித்து, தெருவில் நடந்து பேனாவால் எழுதி, மறுபடி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் முறை. செல்போனே வேண்டாம்.

பெயரைத் தமிழிலேயே போட வேண்டும் என்றது ஒரு வாண்டு. நியாயம்தானே? 'புதூர்' என்று ஆங்கிலத்தில் எழுத ஒருவர் 'டி' போடுவார், இன்னொருவர் 'டி.எச்.' போடுவார். தேடினால் கிடைக்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனி இடமே உண்டு.

அடையாளங்களையும் சேர்க்க வேண்டும். நம் ஊரில் யாராவது 'தெற்கே 300 மீட்டர் செல்க' என்று வழி சொல்வார்களா? 'ஆலமரத்தைத் தாண்டி, ரைஸ் மில்லுக்கு எதிர்த்தாப்புல' என்போம். இதைக் கவனித்துத்தான் கூகுள் கூட 2009 டிசம்பரில், இந்தியாவுக்கான வழிகளில் அடையாள இடங்களின் பெயர்களைச் சேர்த்தது.

ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "எங்க வீட்டையும், எங்க பேரையும் போடலாமா மாமா?"

கூடாது, கண்ணு! தெரு, பள்ளிக்கூடம், கோவில், மசூதி, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் போடலாம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறாய் என்பதெல்லாம் வெளியாருக்கு எதற்கு? செயலியில் எதைச் செய்தாலும் அப்பா, அம்மாவை உட்கார வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். முக்கியமாக, நேரில் பார்க்காததைப் படத்தில் போடவே கூடாது.

மறுநாள் காலை எல்லாருமாக அந்த வாய்க்கால் கரைக்குப் போனோம். சைக்கிள் பையனும் சேர்ந்துகொண்டான். கரை எங்கே முடிகிறது, பாதை எங்கே குறுகுகிறது என்று நடந்து பார்த்து நோட்டில் வரைந்தனர். அக்காவின் போனில், எங்களைத் தவறாகக் கூட்டிவந்த செயலியில் 'இங்கே வண்டிப் பாதை இல்லை' என்று புகார் பதிந்தோம். அப்படியே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் வாய்க்காலை வாய்க்காலாக வரைந்தோம். வரைந்தது நானல்ல, அக்கா மகள்தான். எனக்குக் கோடு நேராக வரவில்லை!

சென்னை திரும்பி இரண்டு வாரம் இருக்கும். அக்கா போனில் இருந்து சைக்கிள் பையன் பேசினான்.

"மாமா, மேப்பு மாறிட்டு! இப்ப எல்லா வண்டியும் மெயின் ரோட்டுலயே போவுது."

"சபாஷ்! அப்புறம் என்ன?"

"எருமைதான் மாமா... ஒரு காரும் வரலியேன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கி!"